தந்தி போயிற்று, ரசீதும் போக வேண்டுமா?

திருவக்கரைக்குப் பௌர்ணமிதோறும் ஜனங்கள் திரளுகிறார்கள். வக்கிரகாளியைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். ஊரை ஒட்டிக் கல்மரப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் காற்றில் ஆடிய மரங்கள் மண்ணில் புதைந்து, சுமார் இரண்டு கோடி ஆண்டுகளில் கல்லாகிக் கிடக்கின்றன. சுற்றுப்புறத்திலோ கல்குவாரிகள், கிரஷர்கள், கழனிகள். அங்கே உழைக்கும் நம் தோழர்களுக்குக் கோயிலும் தெரியும், கல்லும் தெரியும், கூலி நாளன்று கணக்குக் குறைவதும் தெரியும்.

அண்மையில் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், அந்தப் பக்கத்து டீக்கடை ஒன்றில் நாம் உட்கார்ந்திருந்தோம். எழுபதைத் தாண்டிய ஒரு விவசாயத் தொழிலாளி, ரேஷன் கார்டு வைத்திருந்த உறையிலிருந்து மஞ்சளித்துப்போன ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தார். கிரஷரில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

“இன்னா பெரியப்பா இது, பழைய பஸ் டிக்கெட்டா?”

“தந்தி ரசீதுடா. மூணு உசுரு இது” என்றார் பெரியவர்.

கதையையும் சொன்னார். பல வருஷங்களுக்கு முன், மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் கூலித் தகராறு. இரவோடு இரவாகக் காலனிக்குள் ஜீப் வந்தது. மூன்று வாலிபர்களை ஏற்றிக்கொண்டு போனது. விடிந்ததும் ஸ்டேஷனில் போய்க் கேட்டால், “அப்படி யாரும் இங்கே இல்லை” என்று பதில். சங்கத்துக்காரர் ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு டவுனுக்குப் போனார். கலெக்டருக்கு ஒன்று, போலீஸ் மேலதிகாரிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, ஆக மூன்று தந்தி கொடுத்தார். யார் பிடிக்கப்பட்டார்கள், எந்த ஊர், எந்த நேரம் என்று எல்லாம் எழுதினார். மறுநாளே, ‘இல்லாத’ அந்த மூவரும் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தப்பட்டார்கள். அடிபட்டிருந்தார்கள். ஆனால் உயிரோடு இருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர்தான் இந்தப் பெரியவர்.

இளைஞன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “இப்போ இந்த மாதிரி ஆனா யாருக்குத் தந்தி குடுக்கிறது?”

டீக்கடையில் யாரிடமும் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை. அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

துண்டுச் சீட்டின் பலம்

ஒரு துண்டுச் சீட்டுக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? காகிதத்திலிருந்து வரவில்லை. மூன்று விஷயங்களிலிருந்து வந்தது.

முதலாவது, தந்தி ஆபீஸ் பொது ஆபீஸ். காசு கொடுத்தவன் பண்ணையாரா, பண்ணையாளா என்று அங்கே கேட்கவில்லை. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். கட்டிவிட்டால் செய்தி போயாக வேண்டும்.

இரண்டாவது, செய்தி கொடுத்ததற்குச் சாட்சி இருந்தது. கொடுத்தவன் கையில் ரசீது, ஆபீஸில் பாரம். எந்த நாள், எந்த மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பது அச்சாகிவிட்டது.

மூன்றாவது, வாங்கியவர் “எனக்கு வரவில்லை” என்று எளிதில் கைவிரிக்க முடியாது. வெள்ளைக்காரன் 1872-ல் போட்ட சாட்சியச் சட்டத்தின் 88-வது பிரிவு, ஆபீஸில் கொடுத்த செய்தியும் வந்து சேர்ந்த தந்தியும் ஒன்றேதான் என்று கோர்ட்டு அனுமானிக்கலாம் என்றது. கொடுத்த ஆள் இன்னார்தான் என்பதை மட்டும் தனியாக நிரூபிக்க வேண்டும்.

இந்த மதிப்பு சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தது. 1996 டிசம்பரில், டி.கே.பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் கைது சம்பந்தமாகப் போலீசாருக்கு விதிகள் வகுத்தது. கைதானவரின் உறவினர் வேறு மாவட்டத்திலோ வேறு ஊரிலோ இருந்தால், 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி மூலம் தகவல் தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. “எப்படியாவது தெரிவித்துக்கொள்” என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தந்தி மூலம் என்று சொன்னது. ஏன்? வாயால் சொன்னதை மறுக்கலாம். தந்தியை மறுப்பது கஷ்டம்.

இருபுறமும் அச்சடித்த யந்திரம்

இந்தச் சாட்சியத்தை உறுதிப்படுத்திய யந்திரம் ஒன்று இருந்தது. அதுதான் டெலிபிரிண்டர்.

முதலில் மோர்ஸ் முறை. தந்தி ஊழியர் ஒரு சிறு கட்டையைத் தட்டுவார். குறுக்கொலியும் நெட்டொலியும் கம்பி வழியே போகும். அந்தப் பக்கத்து ஊழியர் காதால் கேட்டுக் கையால் எழுதுவார். கைதேர்ந்த ஊழியரால் நிமிஷத்துக்கு 20, 25 சொற்கள் அனுப்ப முடியும். காது தவறினால் சொல் தவறும். எழுதியவர் கையெழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

டெலிபிரிண்டர் வந்ததும் நிலைமை மாறியது. பார்ப்பதற்கு டைப் யந்திரம் போல இருக்கும். இங்கே ஓர் எழுத்தைத் தட்டினால் ஐந்து மின்துடிப்புகள் கம்பியில் போகும். ஒவ்வொரு துடிப்பும் இருக்கும் அல்லது இருக்காது, அவ்வளவுதான். ஐந்து இடத்தில் இப்படி மாற்றி மாற்றி வைத்தால் 32 சேர்க்கைகள் கிடைக்கும். எழுத்துக்கு ஒரு வரிசை, எண்ணுக்கு ஒரு வரிசை என்று மாற்றிக்கொள்ள ஒரு விசை. பிரான்சு தேசத்துத் தந்தி ஊழியர் எமில் போதோ 1870-களில் இந்த ஐந்து துடிப்பு முறைக்கு வழி செய்தார். அந்தப் பக்கத்து யந்திரம் துடிப்புகளைப் பிரித்தறிந்து தானே அச்சடித்துவிடும். நிமிஷத்துக்குச் சுமார் 66 சொற்கள். முன்கூட்டியே காகித நாடாவில் துளைபோட்டு வைத்துக்கொண்டால், கை ஓய்ந்தாலும் யந்திரம் ஓயாமல் அனுப்பும்.

இங்கே ஒரு பிரதி, அங்கே ஒரு பிரதி. இரண்டிலும் ஒரே எழுத்து. இதுதான் முதல் நன்மை.

இரண்டாவது நன்மை இதைவிடப் பெரியது. டெலக்ஸ் என்று சொல்லப்பட்ட முறையில், ஒரு டெலிபிரிண்டர் மற்றொன்றை டெலிபோன் போலக் கூப்பிட்டுப் பேசும். அந்த யந்திரத்தில் ஒரு விசை உண்டு. அதற்கு ‘நீ யார்?’ என்று பெயர். அனுப்புகிறவர் அதைத் தட்டினால், அந்தப் பக்கத்து யந்திரம் தன் அடையாளத்தைத் தானாகவே அச்சடித்து அனுப்பும். அங்கே ஆள் இருக்க வேண்டியதில்லை. அதிகாரி தூங்கினாலும் யந்திரம் பதில் சொல்லும். செய்தி தொடங்கும் முன் ஒரு தடவை கேட்பார்கள். முடிந்த பிறகு ஒரு தடவை கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால், செய்தி சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே ஆதாரம். வங்கிகளும் கப்பல் கம்பெனிகளும் கோடிக்கணக்கான பணத்தை அந்தப் பதிலை நம்பித்தான் அனுப்பின.

தோழர்களே, இந்த ‘நீ யார்?’ என்ற கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வருவோம்.

கம்பி யார் கையில்?

தந்தியும் டெலிபிரிண்டரும் ஏழைக்காகப் பிறந்தவை என்று நாம் கதை கட்டவில்லை. உண்மை அதற்கு நேர்மாறானது.

1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே முதல் கம்பி போடப்பட்டது. போட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. ஏழே வருஷத்தில் அது யாருக்கு வேலை செய்தது என்று தெரிந்துவிட்டது. 1857 மே 11-ந் தேதி, டில்லி தந்தி ஆபீஸிலிருந்து அம்பாலாவுக்குச் செய்தி பறந்தது. மீரட்டில் எழுந்த சிப்பாய்கள் டில்லிக்குள் வந்துவிட்டார்கள் என்ற செய்தி. இரண்டே நாளில், லாகூரில் இந்தியச் சிப்பாய்களின் ஆயுதங்களை வெள்ளைத் தளபதிகள் பறித்துவிட்டார்கள். சிப்பாயின் செய்தி கால்நடையாகப் போயிற்று. துரையின் செய்தி கம்பியில் போயிற்று.

1885-ல் தந்திச் சட்டம் வந்தது. பொது அமைதி என்று காரணம் காட்டி யார் செய்தியையும் இடைமறிக்கவும் நிறுத்தவும் சர்க்காருக்கு அது அதிகாரம் தந்தது. வெள்ளைக்காரன் போனான், அதிகாரம் போகவில்லை. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றினார்கள். அதிலும் அந்த அதிகாரம் பத்திரமாக இருக்கிறது.

நம் பகுதிக்கே வருவோம். பழைய தென்னாற்காடு ஜில்லா, மணிலாக் கொட்டைக்குப் பேர்போனது. புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய்ல்ஸுக்கு அது கப்பல் ஏறியது. அங்கே என்ன விலை என்று ஏற்றுமதி வியாபாரிக்குத் தந்தி சொல்லும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் மூட்டை கொண்டுவந்த சிறு விவசாயிக்கு யார் சொல்வார்? வெயிலில் குனிந்து கொட்டை பிடுங்கிய கூலிப்பெண்ணுக்கு யார் சொல்வார்? விலை ஏறிய செய்தி வியாபாரியோடு நின்றுவிடும். விலை இறங்கிய செய்தி மட்டும் கூலி கொடுக்கும்போது நம்மிடம் வரும்!

பத்திரிகைச் செய்தியும் அப்படித்தான். 1949 பிப்ரவரி 1-ந் தேதி பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியா வேலை தொடங்கியது. பத்திரிகை ஆபீஸ்களில் டெலிபிரிண்டர்கள் இரவும் பகலும் கடகடவென்று ஓடின. வந்து விழுந்தது இங்கிலீஷ். தமிழ்ப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் அந்தக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து மொழிபெயர்த்தார். ஆலை வாசலில் தடியடி நடந்தால், போலீஸ் சொன்ன கதை முதலில் கம்பியேறும். அடிபட்டவன் கதை, ஏறினால், மறுநாள் ஏறும். அவசரநிலைக் காலத்தில் இந்த ஏற்பாடும் ஆள்வோருக்குப் போதவில்லை. 1976-ல் நான்கு செய்தி நிறுவனங்களையும் ஒன்றாகக் கட்டி ‘சமாச்சார்’ என்று பெயர் வைத்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே வாய்! 1978-ல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

ஆகவே கம்பி அவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் கவுண்டர் பொதுவாக இருந்தது. அந்த ஒரு சிறு ஜன்னல் வழியாகத்தான் பெரியவரின் மூன்று தந்திகளும் போயின. நாம் பேசுவது அந்த ஜன்னலைப் பற்றி.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர்கள்

அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அவர்களும் தொழிலாளிகளே. இரவு ஷிப்டு, கண் எரிச்சல், காதில் ஓயாத இரைச்சல், அரை வயிற்றுச் சம்பளம்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1908-லேயே தந்தி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து வெள்ளைச் சர்க்காரைத் திணறடித்தார்கள். 1946 ஜூலை 11-ந் தேதி தபால் ஊழியர் வேலைநிறுத்தம் வெடித்தது. தந்தி ஊழியர்களும் சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக ஜூலை 29-ந் தேதி கல்கத்தா நகரமே ஸ்தம்பித்தது. மில் தொழிலாளி தபால்காரருக்காக ஆலையை நிறுத்திய நாள் அது. 1960 ஜூலையில் மத்திய சர்க்கார் ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும் தபால் தந்தி ஊழியர்கள் முன்னணியில் நின்றார்கள். அவசரச் சட்டம் போட்டு, ஆயிரக்கணக்கானவர்களைக் கைது செய்தார்கள். 1968 செப்டம்பர் 19-ந் தேதி, தேவைக்கேற்ற குறைந்தபட்ச ஊதியம் கேட்டு மீண்டும் ஒரு நாள் வேலைநிறுத்தம். அன்று துப்பாக்கிச் சூட்டில் ஊழியர்கள் உயிரிழந்தார்கள்.

புது யந்திரம் வரும்போதெல்லாம் இவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. மோர்ஸ் கற்றவரின் வித்தை டெலிபிரிண்டர் வந்ததும் மதிப்பிழந்தது. டெலிபிரிண்டர் பழகியவரின் வித்தை கம்ப்யூட்டர் வந்ததும் மதிப்பிழந்தது. தறி மாறியபோது நெசவாளிக்கு நடந்தது, டிராக்டர் வந்தபோது ஏர் பிடித்தவனுக்கு நடந்தது, இவர்களுக்கும் நடந்தது. யந்திரத்தின் மீது நமக்குப் பகை கிடையாது. அது மிச்சப்படுத்தும் நேரமும் பணமும் யார் பைக்குப் போகின்றன என்பதே நம் கேள்வி.

கிண்டியில் பிறந்த யந்திரம்

டெலிபிரிண்டர் எங்கோ சீமையில் மட்டும் செய்யப்பட்டது என்று இன்றைய இளைஞர்கள் நினைக்கலாம். நம் சென்னையிலேயே செய்தோம். 1960-ல் மத்திய சர்க்கார் ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற பொதுத்துறைத் தொழிற்சாலையைக் கிண்டியில் நிறுவியது. இத்தாலியின் ஒலிவெட்டி கம்பெனியின் தொழில் ஒத்துழைப்புடன் வேலை ஆரம்பமாயிற்று. நுட்பமான பல் சக்கரங்களும், நெம்புகோல்களும், வில்கம்பிகளும் சேர்ந்த யந்திரத்தை நம் தொழிலாளிகள் கற்றுக்கொண்டார்கள். இங்கிலீஷ் எழுத்தில் செய்தார்கள். தேவநாகரி எழுத்திலும் செய்தார்கள். நாடு முழுவதும் தந்தி ஆபீஸ்களிலும் பத்திரிகை ஆபீஸ்களிலும் இரைந்தது கிண்டித் தொழிலாளியின் கைத்திறன்.

காலம் மாறியது, டெலிபிரிண்டருக்குத் தேவை குறைந்தது. உண்மைதான். ஆனால் தொழிற்சாலையும், நிலமும், தேர்ந்த கைகளும் இருந்தனவே? புதிய கருவிகளைச் செய்ய அவற்றைப் பொதுத்துறையிலேயே வளர்த்திருக்கலாம். சர்க்கார் வேறு வழி எடுத்தது. 2001-ல் 74 சதவீதப் பங்குகளை 55 கோடி ரூபாய்க்கு ஒரு தனியார் கம்பெனிக்கு விற்றது. வெளிநாட்டுக்குத் தந்தியும் டெலக்ஸும் அனுப்பி வந்த விதேஷ் சஞ்சார் நிகாமின் நிர்வாகமும் 2002-ல் டாட்டா வசம் போயிற்று. ஊர் கூடி வெட்டிய குளத்தை ஒருவன் பேருக்குப் பட்டா எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

2013-ல் போனது எது?

2013 ஜூலை 14-ந் தேதி இரவோடு இந்தியாவில் தந்தி நின்றது. 163 வருஷச் சேவை. வருஷ வருமானம் சுமார் 75 லட்சம், செலவு 100 கோடிக்கு மேல் என்று கணக்குக் காட்டினார்கள். அப்போதும் நாளொன்றுக்குச் சுமார் 5,000 தந்திகள் போய்க்கொண்டிருந்தன என்று பத்திரிகைகள் எழுதின. கடைசி நாளில் நகரங்களில் கூட்டம் அலைமோதியது. ஞாபகார்த்தமாகத் தனக்குத் தானே தந்தி அடித்துக்கொண்டவர்களும் உண்டு.

நம் தவற்றையும் ஒப்புக்கொள்கிறோம். அன்று நாமும் சாவுத் தந்தி, கல்யாணத் தந்தி என்று பழைய நினைவுகளைப் பேசிக் கலைந்தோம். தந்தியோடு சேர்ந்து ஏழையின் ரசீதும் போகிறதே, அதற்குப் பதில் என்ன என்று ஓங்கிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

“மாட்டுவண்டிக் காலத்துக்குத் திரும்பச் சொல்கிறீர்களா? எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே!” என்று சிலர் கேலி பேசலாம். டெலிபிரிண்டரை மீண்டும் ஓட்டு என்று நாம் சொல்லவில்லை. தந்தி கடைசிக் காலத்தில் கம்ப்யூட்டரில்தான் போயிற்று. யந்திரம் எதுவாக இருந்தால் என்ன? நாம் கேட்பது ரசீதை.

வாட்ஸ்அப்பில் கலெக்டருக்கு ஒரு செய்தி அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் அவருடையதா, அவர் உதவியாளருடையதா? பார்த்தாரா? “எனக்கு வரவில்லை” என்றால் எந்தப் பொது ஆபீஸ் சாட்சி சொல்லும்? நம் போனையே பறிமுதல் செய்துவிட்டால் நம் பிரதி எங்கே? செய்தியைச் சுமந்த கம்பெனியின் கணக்குப் புத்தகம் எந்த நாட்டில் இருக்கிறது? ரிஜிஸ்டர் தபால் இருக்கிறதே என்பார்கள். தபால் போய்ச் சேர நாட்களாகும். லாக்அப்பில் கிடப்பவனுக்கு மணிக்கணக்குதான் முக்கியம். அந்த ரிஜிஸ்டர் தபாலும் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது.

வலையையே அறுத்துவிட்டால்? 2018 மே 22-ந் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட ஜனங்கள்மீது போலீசார் சுட்டார்கள். 13 பேர் மாண்டார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். மகன் உயிரோடு இருக்கிறானா என்று தாய் தவித்த நாட்கள் அவை. செல்போன் கையில் இருந்தது, செய்திதான் போகவில்லை.

பொதுத்துறைத் தொலைபேசியின் கதியும் நமக்குத் தெரியும். போட்டிக் கம்பெனிகள் 4ஜி சேவை நடத்திக்கொண்டிருந்தபோது, பி.எஸ்.என்.எல்லுக்கு அது வருஷக்கணக்கில் கிட்டவில்லை. 2020 ஜனவரி 31-ந் தேதி ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ‘விருப்ப ஓய்வு’ என்ற பெயரில் வெளியேறினார்கள். வலைக் கோபுரம் ஏழையின் ஊரில் எழும்ப வேண்டுமானால், லாபம் வருமா என்று மட்டும் பார்க்காத ஒரு ஸ்தாபனம் வேண்டும். அதன் கையைத்தான் முறித்தார்கள்.

யாரைப் பார்த்து யார் கேட்கிறார்கள்?

இப்போது அந்த ‘நீ யார்?’ விசைக்கு வருவோம்.

டெலக்ஸ் யந்திரத்தில் இரண்டு பக்கமும் அந்த விசை இருந்தது. இவர் அவரைக் கேட்கலாம். அவர் இவரைக் கேட்கலாம். இரண்டு யந்திரங்களும் பதில் சொல்லியாக வேண்டும். இன்றோ அந்தக் கேள்வி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத் தளங்களிலும் செல்போன் செயலி மூலமே வருகைப் பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ. ஏரிக்கரையில் மண்வெட்டியும் பாண்டுமாக நின்ற பெண்கள் காமிராவுக்கு முகம் காட்டினார்கள். “நீ யார்?” என்று யந்திரம் கேட்டது, அவர்கள் பதில் சொன்னார்கள். சிக்னல் கிடைக்காமல் போட்டோ ஏறாத நாளில் என்ன ஆயிற்று? உழைத்த உழைப்பு மண்ணில் இருந்தது. கூலி காற்றில் போயிற்று. “நான் வந்தேனே, மண் வெட்டினேனே, என் ரசீது எங்கே?” என்று அந்தப் பெண் கேட்க அந்தச் செயலியில் ஒரு விசை இல்லை. பழைய மஸ்டர் ரோலில் தில்லுமுல்லு நடந்தது உண்டு. ஆனால் அது காகிதம். கண்ணால் பார்க்கலாம், பெயரைக் காட்டிச் சண்டை போடலாம். செயலியோடு எப்படிச் சண்டை போடுவது? சட்டத்தின் பெயர் மாறினாலும் இந்தக் கேள்வி மாறாது.

மில் வாசலில் விரல் ரேகை யந்திரம் வைத்தால் அங்கேயும் இதே கதைதான். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் யந்திரம் குறித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைத்தால் தொழிலாளி கைக்கு ஒரு சீட்டாவது வருமா?

ரேகை கேட்கிறார்கள், முகம் கேட்கிறார்கள், ஆதார் கேட்கிறார்கள். நாம் யார் என்று அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் நிரூபிக்கிறோம். “நம் மனுவை வாங்கிய நீ யார்? எந்த மணிக்கு வாங்கினாய்? அதை என்ன செய்தாய்?” என்று நாம் கேட்டால் மட்டும் பதில் சொல்ல ஆளில்லை. தந்தி ரசீது அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையைச் சில ரூபாய்க்கு ஏழைக்குத் தந்தது. பறிபோனது அந்த உரிமைதான்.

நாம் கேட்பது

நம் கோரிக்கைகள் பெரிய ஆகாசக் கோட்டை அல்ல.

ஒன்று: நாட்டில் 1,64,000-க்கும் அதிகமான தபால் ஆபீஸ்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கிராமங்களில். அந்த ஜன்னல்களில் பொதுச் செய்திக் கவுண்டர் திறக்க வேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்த குறுஞ்செய்தியை உடனே மின்வழியில் அனுப்பி, சேரவேண்டிய ஆபீஸில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அனுப்பியவர் கையில் தேதியும் மணியும் பதிந்த ரசீது வேண்டும். சேர்ந்ததற்கும் பதில் சீட்டு வேண்டும். கோர்ட்டில் அது ஆதாரமாகச் செல்லுபடியாக வேண்டும். இது முடியாத காரியமா? தபால் இலாகாவே 2004-ல் இ-போஸ்ட் என்று தொடங்கி, மின்வழியில் வந்த கடிதத்தை அச்சடித்துத் தபால்காரர் கையில் கொடுத்தனுப்பியதே! வழி தெரியும். மனம்தான் வேண்டும்.

இரண்டு: தொழிலாளியின் வருகையைப் பதியும் எந்த யந்திரமும், வயலானாலும் ஆலையானாலும், அந்த இடத்திலேயே தொழிலாளிக்கு ஒரு சீட்டுத் தர வேண்டும். யந்திரம் பழுதானால் நஷ்டம் யந்திரம் வைத்தவனுக்கே, உழைத்தவனுக்கு அல்ல.

மூன்று: இன்டர்நெட்டை நிறுத்தும் நாளிலும் பொதுச் செய்திக் கவுண்டர் மூடப்படக் கூடாது. செய்தி மிகவும் தேவைப்படும் நாள் அந்த நாள்தான்.

இவை கிடைக்கும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. எந்த மகஜரையும் இரண்டு பிரதி எழுதுங்கள். ஆபீஸில் கொடுக்கும்போது ஒரு பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் தபால் ஆபீஸிலிருந்து அனுப்பி ரசீதை வாங்கி வையுங்கள். போனில் அனுப்பினால் ஒருவர் மட்டும் அனுப்பாதீர்கள். நாலு பேர் அனுப்புங்கள், சங்க நோட்டில் நேரத்தைக் குறியுங்கள். வேலைக்குப் போன நாளை வீட்டில் காலண்டரில் குறிக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. அதையும் மதிப்புள்ள சாட்சியாக நினையுங்கள்.

டீக்கடையிலிருந்து எழுந்தபோது, பெரியவர் அந்த ரசீதை மடித்து மறுபடியும் உறைக்குள் வைத்தார். “எழுத்துத்தான் மங்கிப் போச்சு” என்றார். கிரஷர் இளைஞன் தன் போனை எடுத்து, “குடு பெரியப்பா, ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிறேன்” என்று கேட்டு வாங்கினான்.

நல்ல காரியம் செய்தான். ஆனால் பழைய ரசீதைப் பத்திரப்படுத்தினால் மட்டும் போதாது, தம்பி. உன் பெயரில் ஒரு புது ரசீது வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது உன் வேலை. நம் எல்லார் வேலையும்கூட.